பதினைந்து லீவுக் கடிதங்கள்

"அப்போ நான் அங்க ஒரு வருஷம்கூட வேலை பாக்கலியாடி?" என்று தொழிலாளர் அலுவலகத்திலிருந்து திரும்பும் பேருந்தில் சித்தி கேட்டபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சித்தி பதினான்கு வருடமாக ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்தாள். நான்கு மூலையும் பொருந்தாவிட்டால் உதறிவிட்டு மறுபடி மடிப்பாள். கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஸ்கேல்'.

பதினோரு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டுவார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகல் ஒன்றை அவளிடம் கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்வார். சித்திக்கு அது லீவு. அந்த வாரத்தில் வீட்டின் ஒரு சுவருக்கு வண்ணம் அடிப்பாள். எங்கள் கூடத்தில் மட்டும் நான்கு நிறங்கள். "இது வீடா, சாக்பீஸ் டப்பாவா?" என்பார் சித்தப்பா. "உங்க முதலாளி என்னிக்காவது ஒரு வாரம் லீவு குடுத்திருக்காரா?" என்று அவள் கேட்டதும் அடங்கிவிடுவார்.

இந்த முறை சமையலறைச் சுவர். நகத்தில் பச்சை வண்ணம் போகாமலே வேலைக்குத் திரும்பினாள். வாசலில் அட்டையைக் காட்டினாள்; கதவு திறக்கவில்லை. சலவை வேலையின் ஒப்பந்தம் புதிய கம்பெனிக்குப் போய்விட்டது, பட்டியலில் அவள் பெயர் இல்லை என்றார் காவலாளி. மேற்பார்வையாளர் போனை எடுக்கவே இல்லை.

வேலையைத் திரும்பக் கேட்டு மனுக் கொடுக்கத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். பள்ளிப் படிப்பு முடிந்து வீட்டில் சும்மா இருந்ததால் துணைக்கு நான். அத்தாட்சிக்காக, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த பதினைந்து தாள்களையும் சித்தி எடுத்துவந்தாள். அந்த உறையை நான் எத்தனையோ தடவை தூசி தட்டியிருக்கிறேன். பிரித்துப் படித்ததில்லை. நல்ல செய்திதானே என்று அவளும் படித்ததில்லை.

அதிகாரி பொறுமையாக எல்லாவற்றையும் படித்தார்.

"இது லீவு லெட்டர் இல்லம்மா. சொந்தக் காரணத்துக்காக வேலைய விட்டு நின்னுக்கறேன்னு எழுதியிருக்கு. பதினஞ்சுலயும்."

"கையெழுத்து என்னோடதுதாங்க சார்," என்றாள் சித்தி, அவர் அதைத்தான் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து.

ஒரு வருடம் விடாமல் வேலை செய்தவருக்குத்தான் வேலையைத் திரும்பக் கேட்கிற சட்டம் கைகொடுக்குமாம். ஒவ்வொரு முறையும் அவள் புது ஆளாகச் சேர்ந்ததாகத்தான் கணக்காம். வழக்குப் போடலாம், ஆனால் கம்பெனியும் இதே தாள்களைத்தான் காட்டும் என்றார். சித்தி தாள்களின் மூலைகளைப் பொருத்தி, ஒழுங்காக மடித்து, உறைக்குள் வைத்தாள்.

இப்போது அவள் பச்சை அடித்த அந்தச் சமையலறைக்குள் விளக்குப் போடுவதில்லை. வேறு இடங்களில் இந்த வயதுக்கு வேலை இல்லை என்கிறார்கள்.

பார்த்தாய் சித்தி, பதினான்கு வருடம் வேலை பார்த்தாய். எந்தத் தாளிலும் இது இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். இதைப் படிப்பவர்களே, உங்கள் வீட்டிலும் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை லீவு கிடைத்ததென்று சந்தோஷப்படுகிறவர் இருக்கலாம். அவர் அடுத்த கையெழுத்தைப் போடும் முன் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.