காவடிக்கு மூன்று நாள் முன்பு வந்த தடிப்பு

அந்தக் கம்பளிப்பூச்சியை என் கையிலேயே விட்டுப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி வாக்கில், டத்தோ கிராமட் ரோட்டிலிருந்த எங்கள் வாடகை வீட்டின் பைப்படியில். எனக்கு அப்போது பத்து வயது. எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்பவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொன்னவர்கள் புழுவை மனதில் வைத்துச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

பைப்படியை ஒட்டிய முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தன. மரத்தடிக் கொடியில் சின்ன மாமாவின் மஞ்சள் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. வேட்டியைப் பார்த்தேன், புழுவைப் பார்த்தேன். வீட்டுக்குள் ஒரு மணி நேரமாக நடந்துகொண்டிருந்த வழக்கு முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வழக்கு இதுதான். முந்தின மழைக்காலத்தில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டு, பிழைப்பேனா என்று கிடந்தேனாம். பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் தைப்பூசத்துக்குத் தன் தம்பி காவடி எடுப்பான் என்று அம்மா தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டாள். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டு, சுருட்டும் சிரிப்புமாகத் திரிந்த சின்ன மாமா, விஷயம் தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் சுருட்டை விட்டார், தலையணையை விட்டார், ஒரு மாதமாகக் கவுச்சியைத் தொடவில்லை. தைப்பூசத்துக்கு இன்னும் மூன்றே நாள். அன்று காலை இட்லியும் சட்னியும் சாப்பிட்டுக் கை கழுவிய சற்று நேரத்தில், கழுத்தில் தொடங்கி வயிறு, முதுகு, தொடை என்று உடம்பு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது.

காணாக்கடி, ஏதோ கடித்திருக்கிறது என்று அம்மா வெற்றிலையில் மிளகை மடித்து மென்று தின்னக் கொடுத்தாள். அதற்குள் பெரிய மாமா வந்துவிட்டார். அம்மாவுக்கும் சின்ன மாமாவுக்கும் மூத்தவர், எங்கள் காவடிக் கூட்டத்துக்குத் தலைவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தம்பியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"எறா தின்னியாடா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க?"

"சின்னதுலேருந்து எறா பட்டாலே உனக்கு இப்படித்தானே வீங்கும்? நான் பாக்காத உடம்பா? பசார்ல எறா மீ கடையப் பாத்ததும் நாக்கு இழுத்துருச்சா?"

"சத்தியமா இல்லண்ணே. ஒரு மாசமா அந்தப் பக்கமே போகலலா."

"வாய் பொய் சொல்லும், தோல் சொல்லாது. இந்த வருசம் நீ காவடி தொட வேணாம்."

"அண்ணே," என்றாள் அம்மா. "அப்ப பிள்ளைக்கு வேண்டுனது?"

பெரிய மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். காவடி நின்றுபோனால், கொடுத்த உயிரைச் சாமி திருப்பிக் கேட்கும் என்று அவள் பயந்தது எனக்கே தெரிந்தது. சம்பந்தப்பட்டது என் உயிர். எனவே காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை யாரையும் கேட்காமல் நானே ஏற்றுக்கொண்டேன்.

முதலில் வெயிலைச் சந்தேகித்தேன். முற்றத்தில் நூறு எண்ணும்வரை நின்றேன், வியர்த்தது, தடிக்கவில்லை. அடுத்தது மூட்டைப்பூச்சி. பிரம்பு நாற்காலியின் இடுக்கிலிருந்து ஒன்றைப் பிடித்து முழங்கையில் விட்டேன். அது கடித்த இடத்தில் கடுகளவு புடைத்தது, அவ்வளவுதான். மூன்றாவதாகத்தான் முருங்கை மரத்துக்கு வந்தேன். ஒரு குச்சியால் புழுவைத் தள்ளி, இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை உருட்டினேன்.

சோதனை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. எரிந்த எரிச்சலில் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் நான் அழவில்லை. கை நன்றாகச் சிவந்து வீங்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, பிறகுதான் உள்ளே ஓடினேன்.

"பெரிய மாமா, இங்க பாருங்க! சின்ன மாமா வேட்டியில புழு முடி ஒட்டியிருக்கு. அதான் தடிச்சிருக்கு. எறா இல்ல!"

பெரிய மாமா என் கையைப் பிடித்துச் சின்ன மாமாவின் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இரண்டும் சிவப்பு. இரண்டும் தடிப்பு.

"நீயா விட்டுக்கிட்ட?"

"ஆமா."

"கிறுக்குச் சிறுக்கி," என்றார். ஆனால் அவர் குரல் இறங்கிவிட்டது. சின்ன மாமா தன் அரிப்பை மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மட்டும் ஓடி வரவில்லை. அடுக்களை வாசலில் நின்று என் கையைப் பார்த்தாள். பிறகு, மூலையிலிருந்த அம்மியைப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே சொன்னாள்: "அவன் எடுக்கட்டும்ணே. அவன் மேல தப்பில்ல."

அன்று அவள் சாப்பிடவில்லை. என் கை வீங்கிய வருத்தம் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் அம்மியில் தவிட்டை அரைத்து அரைத்துக் கொட்டினாள். பண்டிகைச் சுத்தம் என்று எண்ணிக்கொண்டேன். சின்ன மாமா காவடி எடுத்தார். நான் கையில் வேப்பிலைக் கட்டோடு, வழக்கில் வென்ற வக்கீலைப் போல முன்னால் நடந்தேன். மறுவருடத் தைப்பூசத்தில் அம்மா தானே பால்குடம் எடுத்தாள். யாருக்காக என்று கேட்டேன். "உனக்குத்தான்," என்றாள். அதற்கடுத்த வருடமும் எடுத்தாள். இன்றுவரை விடவில்லை.

இப்போது நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகுகிறேன். தோலில் திடீரென்று தடித்துத் தானாக மறைவதற்கு என்னென்ன காரணம் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்: எறால், நண்டு, முட்டை, சில மருந்துகள், குளவிக்கொட்டு, குளிர்ந்த தண்ணீர், சிலருக்கு வெயில். போன மாதம் ஒரு பெண் உடம்பெல்லாம் தடித்து வந்தாள். நான் மருந்து எடுத்து வருவதற்குள் வயிற்றில் இருந்தது மறைந்து, தோளில் புதிதாய் எழும்பியிருந்தது. சாயங்காலம் ஒன்றுமே இல்லை. எறால் தின்றாளாம். அன்றுதான் என் பழைய சோதனையின் ஓட்டை எனக்குத் தெரிந்தது. புழு பட்டால் பட்ட இடத்தில்தான் தடிக்கும். என் கை வடிய நான்கு நாள் ஆயிற்று. சின்ன மாமாவுக்கோ உடம்பெங்கும் தடித்து, விளக்கு வைப்பதற்குள் மறைந்துவிட்டது. இரண்டையும் நான் கண்ணால் பார்த்தேன், சேர்த்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் பார்த்திருந்தேன். சின்ன மாமாவுக்குத் தடித்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சீனப் பெண், நோன்யா, வந்து, தன் அம்மி உடைந்துவிட்டது, "தோலோங்லா, அக்கா" என்று மலாயில் கெஞ்சி எங்கள் அம்மியைக் கேட்டாள். என் காய்ச்சலின்போது பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவளிடம் விரதம் என்று மறுக்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. குழவியைத் தூக்கிப் போனதே நான்தான். எறாலை உப்பிட்டு இடித்த பெலாச்சானை மிளகாயோடு அரைத்துவிட்டு, அவள் கழுவித்தான் கொடுத்தாள். அம்மாவும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். ஆனால் அது புதிதாகக் கொத்திய அம்மி. கொத்துக் குழிகளில் தங்கியது காலைச் சட்னியோடு சின்ன மாமாவின் இலைக்குப் போயிருக்கிறது.

பெரிய மாமா சொன்னது சரி. சின்ன மாமா சொன்னதும் சரி. நடுவில் உண்மை தெரிந்த ஒரே ஆள், என் வீங்கிய கை காவடியைக் காப்பாற்றட்டும் என்று வாயை மூடிக்கொண்டு, அதற்கான கணக்கை வருடா வருடம் தன் தலையில் சுமந்து தீர்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதை அம்மாவிடம் வீட்டில் கேட்க முடியாது. சுவருக்குக் காது இல்லாவிட்டாலும் பெரிய மாமாவுக்கு உண்டு. ஆகவே வருகிற தைப்பூசத்துக்கு நானும் ஒரு பால்குடம் எடுத்து அவள் பக்கத்திலேயே நடக்கப்போகிறேன். தண்ணீர்மலைப் படிகளில் மேளம் காதைப் பிளக்கும். அங்கே வைத்துக் கேட்பேன்.