அண்டாவுக்குள் நடந்த இரும்புக்கால்

வெறும் அண்டாவுக்குள் ஒரு கைப்பேசியைப் போட்டால் அதிலிருந்து வரும் குரல் கல்யாண மண்டபத்து மைக்கில் பேசுவதுபோல வீடு முழுக்கக் கேட்கும் என்பதை எத்தனை பேர் அனுபவித்திருக்கிறீர்களோ தெரியாது. எனக்கு இன்றைக்கும் மே மாத வெயிலை நினைத்தால் முதலில் காதுக்கு வருவது அந்தக் குரல்தான். லேசாக உலோகம் உரசிய குரல், ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு ரீங்காரம், அதோடு முந்தின வாரம் அதில் கிளறிய புளியோதரையின் வாசனை. விழுப்புரத்தில் கிழக்குப் பாண்டி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குறுந்தெருவில், மின்விசிறி நின்றுபோன எங்கள் கூடத்தில், ஆறு பிள்ளைகள் அந்த அண்டாவைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு குப்புறக் கிடந்து, பாதி மனிதனும் பாதி இயந்திரமுமான ஒரு வீரன் பிறந்ததைக் கேட்டோம். கேட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும், பார்க்கவில்லை.

அது மின்வெட்டுக் காலம். ஒவ்வொரு ஊருக்கும், ஊருக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை மணிக்குப் போய் இத்தனை மணிக்கு வரும் என்று செய்தித்தாளில் பட்டியல் போடுவார்கள். மாதம் ஒருமுறை நேரம் மாறும். அம்மா அதைக் கிழித்துக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்திருப்பார், மாவரைப்பதும் மோட்டார் போடுவதும் அதன்படிதான். எங்களுக்கு அதில் ஒரே ஒரு கட்டம்தான் முக்கியம், சனிக்கிழமை காலை பத்து மணி. அப்போதுதான் தமிழில் குரல் கொடுத்த ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் வரும். பறப்பவன், மலையைத் தூக்குபவள், கையிலிருந்து நெருப்பு விடுபவன் என்று ஒரு வீரர் கூட்டமே அதில் உண்டு. ஏப்ரல் கடைசியில் ஒரு வாரம் முழுக்க விளம்பரம் போட்டார்கள். இருட்டில் ஓர் உருவம் நிற்கும், முகம் தெரியாது, உடம்பில் எங்கோ ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும், "பாதி மனிதன், பாதி இயந்திரம், வருகிற சனிக்கிழமை" என்று ஒரு கரகரத்த குரல் சொல்லும். அவனுக்கு நாங்களே மெஷின் பையன் என்று பெயர் வைத்துவிட்டோம். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த வாரம் சோறு தின்றதே பெரிய விஷயம். வெள்ளிக்கிழமை புதுப் பட்டியல் வந்தது. மே மாதம் முழுக்க எங்கள் பகுதிக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை மின்சாரம் கிடையாது.

எங்கள் தெருவின் பதினொரு வயதுத் தலைவனான விக்கி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னாடி இது, பேஜாராப் போச்சி" என்று சொல்லிவிட்டு எங்கள் வாசற்படியில் இடிந்துபோய் உட்கார்ந்தான். உள்ளேயிருந்து அம்மா, "கரண்ட்டு போனா போவுது, பொம்ம பாக்கலன்னா செத்தா பூடுவீங்க" என்றார். நான் மட்டும் பட்டியலின் கீழ்வரிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இரண்டு என்று போட்டிருந்தது. அப்படியென்றால் பத்து மணிக்கு அங்கே மின்சாரம் இருக்கும். அங்கே அமுதா அக்கா இருந்தாள்.

அமுதா அக்கா என் பெரியம்மா மகள். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிப்போனதால், தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுவில் தோல் பட்டைகள், அடியில் கனமான ஒரு ஷூ என்று ஒரு சாதனத்தை மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். காலிப்பர் என்று அதற்குப் பெயர், வீட்டில் "இரும்பு ஷூ" என்போம். அந்த ஆண்டுப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள் கடைக்கு நடந்துபோனபோது, விக்கி பின்னாலேயே ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினான். தெருவே சிரித்தது. தெரு என்றால் என்னையும் சேர்த்துத்தான். அக்கா திரும்பிப் பார்த்தாள். விக்கியை அல்ல, என்னை. அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் கோடையில் அக்கா பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுக்கு மேலே படிக்க வேண்டும். அவள் விரும்பிய பாடப்பிரிவு விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் இருந்தது, எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். தினமும் திண்டிவனத்திலிருந்து அந்தக் காலோடு பஸ் ஏறி இறங்க முடியாது என்பதால், இரண்டு வருடம் இங்கே தங்கிப் படிக்கட்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அக்காவோ "அந்தத் தெருவுக்கு மட்டும் வரமாட்டேன் சித்தி" என்று ஒரே பிடியாக நின்றாள். பெரியப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. "வரலன்னா உடுங்க, படிச்ச வரைக்கும் போதும், நம்ம உரக்கடையில வந்து உக்காரட்டும்" என்று முடித்துவிட்டார். அவள் ஏன் வர மறுக்கிறாள் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வயதில் எனக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தது.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடமே உதவி கேட்டேன் என்று கேட்காதீர்கள். மெஷின் பையன் மேல் இருந்த ஆசை வெட்கத்தைத் தின்றுவிட்டது. சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அம்மாவின் கைப்பேசியில் அழைத்து, "அக்கா, டிவியில ஓட்றத அப்பிடியே எங்களுக்குச் சொல்றியா" என்றேன். "யாரு யாரு இருக்கீங்க" என்று கேட்டாள். ஆறு பெயர்களையும் சொன்னேன், விக்கியின் பெயரைக் கடைசியில் மெதுவாகச் சொன்னேன். பிறகு, "எல்லாருக்கும் கேக்கணும்னா போன வெறும் அண்டாவுல போடு" என்றாள். பத்து மணிக்கு அண்டாவுக்குள்ளிருந்து அக்காவின் குரல் எழுந்தது.

"ஒரே இருட்டு. ஆஸ்பத்திரி ரூமு. கட்டில்ல ஒரு பையன், என் வயசுதான் இருக்கும். விபத்துல ஒரு பக்கம் உடம்பே போயிடிச்சி. அவங்கப்பா விஞ்ஞானி. அழுதுகினே இரும்ப உருக்கி அவனுக்கு ஒரு காலு செய்யறாரு."

"பறக்கறானா அக்கா" என்றான் விக்கி.

"பறக்கல. அவனுக்கு நிக்கவே தெரியல. இரு, எழுந்திருக்கறான்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக். பிறகு ஓர் இடைவெளி விட்டு இன்னொரு டக். அண்டாவின் வயிறே அதிர்ந்தது. தொலைக்காட்சியின் எதிரில் உட்கார்ந்து பார்த்த எத்தனையோ வீரர்கள் பறந்தும் எரித்தும் காட்டாத ஒன்றை, கண்ணுக்கே தெரியாத ஒருவன் இரண்டு அடி எடுத்துவைத்துக் காட்டிவிட்டான். ஒரு கால் தரையில் ஊன்றுவது அவ்வளவு பெரிய காரியம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"முட்டிகிட்ட ஒரு பூட்டு வெச்சிருக்காரு அவங்கப்பா. வளையம் மாதிரி. அத கீழ தள்ளிட்டான்னா அந்தக் காலு மடங்கவே மடங்காது. எது வந்து மோதினாலும் நிப்பான்."

அந்த வெளிநாட்டு நகரத்தின் ஓரத்தில் ஓர் ஏரி இருந்தது. மழையில் நிரம்பித் தளும்பி, மதகுப் பக்கம் கரை உடைத்துக்கொண்டது. பறப்பவன் மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்தான், நெருப்பு விடுபவன் விட்ட நெருப்பெல்லாம் தண்ணீரில் அணைந்தது. மெஷின் பையன் கரைமேல் நடந்துவருகிறான், மெதுவாக, டக், டக் என்று. "இவன் வந்து சேர்றதுக்குள்ள ஊரே மூழ்கிடும்னு ஜனங்க சிரிக்கறாங்க" என்றாள் அக்கா. "எவன் சிரிக்கறது" என்று விக்கி எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவன் குரலில் இருந்த கோபம் உண்மையானது. மெஷின் பையன் உடைப்புக்குள் இறங்கினான், பூட்டைக் கீழே தள்ளினான், நின்றான் என்றாள் அக்கா. தண்ணீர் மார்பு வரை வந்து மோதியது. ஜனங்கள் அவன் முதுகுப் பக்கம் மணல் மூட்டையும் முள்கட்டும் கொண்டுவந்து போட்டுக் கரையை அடைக்கும்வரை அவன் அசையவில்லை.

வெளிநாட்டு நகரத்துக்கு மதகும் முள்ளும் எப்படி வந்தன என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு எங்கள் பக்கத்துப் பனமலை ஏரிக்கரைதான் கண்ணில் நின்றது, அதன்மேல் அவன் தனியாக நடந்துபோனான். பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் வந்து விசிறி சுற்றியபோது யாரும் தொலைக்காட்சிப் பக்கம் போகவில்லை.

அந்த மாதம் நான்கு சனிக்கிழமைகள் அப்படிக் கேட்டோம். தெருவில் ஓட்டப்பந்தயம் நின்றுபோய், முழங்காலில் மர ஸ்கேலைக் கட்டிக்கொண்டு யார் மெதுவாக, கம்பீரமாக நடப்பது என்பதே போட்டியாயிற்று. மூன்றாம் சனிக்கிழமை கதை முடிந்ததும் விக்கி அண்டாவுக்குள் தலையைக் கவிழ்த்து, "அக்கா, உங்க ஷூலயும் அந்தப் பூட்டு இருக்குதுங்களா" என்று கேட்டான். அவன் வாயில் "ங்க" வந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"இருக்குது."

"நெஜமாவா?"

"வந்தா காட்றேன்."

"எப்ப வருவீங்க?"

"ஜூன்ல" என்றாள். அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "இன்னா சொன்னா, இன்னா சொன்னா" என்று எங்களை நெட்டித் தள்ளிக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்.

ஜூன் முதல் வாரம் ஆட்டோ வந்து நின்றபோது அக்கா உடனே இறங்கவில்லை. ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்தாள். நாங்கள் ஆறு பேரும் வரிசையாக நின்றிருந்தோம், விக்கி எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தான். கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். இரும்புக்கால் தரையில் பட்டது. டக். யாரும் சிரிக்கவில்லை. அண்டாவுக்குள் கேட்ட அதே சத்தம் எங்கள் தெருவில், எங்கள் கண்ணெதிரே நடந்து வந்தது. அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் அருகே வளையத்தை மேலே தூக்கினாள். டிக் என்று கால் மடங்கியது. "ஒருத்தர் ஒருத்தரா வாங்க" என்றாள். ஆறு பேரும் அந்தப் பூட்டைத் தொட்டோம். மற்ற ஐந்து பேருக்கு வியப்பு மட்டும்தான். எனக்குப் பொங்கலன்று நான் சிரித்ததும் ஞாபகம் வந்தது. பெரியப்பா பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு லோடு வரும் என்று சொல்லி, காபி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இரண்டு வருடம் அக்காவின் புத்தகப் பையை யார் தூக்குவது என்பதில்தான் தெருவில் சண்டை. ஜூனில் மின்வெட்டு நேரம் மாறியபோது அந்தக் கார்ட்டூனையே எடுத்துவிட்டார்கள், ஆகவே நாங்கள் மெஷின் பையனைப் பார்க்கவேயில்லை. பள்ளிக்கூடத்தில் வேறு பகுதிப் பையன் ஒருவன் அவனுக்கு இயந்திரக் கைதான் என்று சாதித்தபோது விக்கி சட்டையைப் பிடித்துவிட்டான். "நீ சும்மா பாத்த. நாங்க கேட்டோம்" என்றான்.

சென்ற மாதம் கைப்பேசியில் எதையோ தேடப்போக அந்தப் பழைய கார்ட்டூன் முழுவதும் கிடைத்தது. பாதி மனிதன், பாதி இயந்திரம் வருகிற பகுதியைத் திறந்தேன். இயந்திரமாக இருந்தது ஒரு கையும் தோளும். கால்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. மூன்றாம் நிமிடம் பறந்துபோனான். ஏரி இல்லை, பூட்டு இல்லை. இரண்டு முறை பார்த்துவிட்டு அக்காவை அழைத்தேன். அவள் மருந்தியல் படித்து, இப்போது திண்டிவனத்தில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறாள்.

"அக்கா, மெஷின் பையனுக்குக் கையிதான்."

அவள் சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "இத்தினி வருசம் கழிச்சி இப்பத்தான் பாத்தியா?"

"அப்ப டிவியில நீ பாத்தது?"

"டிவி எங்க ஓடிச்சி? அன்னிக்கு இங்கயும் கரண்ட்டு இல்ல. நீ போன் போடறதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடி பூட்ச்சி."

"அந்த டக்கு டக்குன்னு கேட்டது?"

"என் காலுதான். போன தரைகிட்ட வெச்சிக்கினு ஊனினேன்."

"அடுத்தடுத்த வாரம்?"

"பாத்தேன். கையிதான். ஆரம்பிச்சது ஆரம்பிச்சாச்சி, நடுவுல எப்பிடி மாத்தறது?"

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். யாருக்கோ மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் படிக்கணும்டி. படிக்கணும்னா ரெண்டு வருசம் அந்தத் தெருவுலதான் நடந்தாவணும். அதுல சிரிக்கறவங்க மொத்தம் ஆறு பேருன்னு நீதான் சொன்ன."

பதினைந்து வயதுப் பெண், மின்விசிறி ஓடாத ஓர் அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, நான் கேட்ட கால் மணி நேரத்துக்குள் ஒரு வீரனைப் படைத்திருக்கிறாள். தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களையே அவனுக்காகக் கோபப்பட வைத்திருக்கிறாள். இப்போது மின்சாரம் அப்படிப் போவதில்லை. அக்கா லேசான பிளாஸ்டிக் சாதனத்துக்கு மாறிவிட்டாள், நடந்தால் சத்தமே கேட்பதில்லை. விக்கி வெளிநாட்டில் இருக்கிறான், அவனிடம் நான் இதைச் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் வந்த அந்தத் தொடர் ஒரு பகுதி விடாமல் எல்லா மொழியிலும் கிடைக்கிறது, யாரும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். எனக்கு வேண்டியதோ அந்த மே மாதத்து நான்கு சனிக்கிழமைகள்தான், அவை எங்கேயும் கிடைக்கவில்லை.