மூன்று இருபத்திரண்டு

தூரிட் நெஸ்ஹைம் இருபத்தாறு வருடம் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் பக்கமாகப் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் செயற்கைக்கோள் அனுப்பும் எண். சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கே திரும்பினால் எண் மைனஸுக்குப் போகும். முக்கால் மணி நேரத்தில் அந்தக் காற்று வட நார்வேயின் வானத்தில் மோதி, துருவ ஒளியைக் கிளப்பும். அதற்குள் பின்லாந்துக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் போன் போட்டு, தன் நிலையத்தோடு சேர்த்து மூன்று இடத்து ரேடார்களையும் ஒன்றாக ஓடவைப்பது அவர் வேலை.

ரேடார் நேரம் அளந்துதான் கிடைக்கும். தப்பாக அழைத்து அதை வீணாக்கியவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் வாஃபிள் அப்பம் சுட வேண்டும் என்பது நிலைய வழக்கம். தூரிட் காத்திருக்கத் தெரியாதவர்; அதிகம் சுட்டவரும் அவரே. வீட்டிலும் அப்படித்தான். மகள் ஒருமுறை இருமினால் பள்ளிக்கு லீவு சொல்லிவிடுவார்.

அந்த டிசம்பரில் மிச்சமிருந்த ரேடார் நேரம் நாலு மணி. அடுத்த குளிர்காலம் தனக்கு இல்லை என்று மருத்துவர் சொன்னதை நிலையத்தில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. கடைசியாக ஒரு நல்ல சூரியப் புயலை ரேடாரில் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

காலை பத்தரைக்கு எண் மைனஸ் ஒன்பது. உடனே போனை எடுத்தார். பதினொன்று பத்துக்கு மூன்று ரேடார்களும் ஓடின. அதற்குள் எண் பிளஸ்ஸுக்கு ஏறிவிட்டது.

“மாவு கரைச்சாச்சா தாயே?” பின்லாந்திலிருந்து ரிஸ்தோ. “நிறுத்திரு. மிச்சத்தை நாளைக்கு வச்சுக்கலாம்.”

“காத்தோட வேகம் குறையல. திரும்பும் பாரு.”

“போன வருஷமும் இதையேதான் சொன்ன.”

“போன வருஷம் பார்சல்ல வந்த வாஃபிளைத் தின்னல?”

தூரிட் நிறுத்தவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் திரையில் ஒன்றுமில்லை.

இரண்டு முப்பத்தெட்டுக்கு எண் விழுந்தது. மைனஸ் பதினேழு. “வந்துருச்சு!” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஓட்வார் கத்தினார். தூரிட் கணக்குப் போட்டார். காற்று வந்து சேர மூன்று இருபத்திரண்டு. ரேடார் நேரம் தீர்வது மூன்று பத்து.

“கெஞ்சிப் பாக்கலாமா?”

“மின்சாரம் அவ்வளவுதான் வாங்கியிருக்கு. என் அவசரம், ஓட்வார்.”

மூன்று பத்துக்கு ரேடார்கள் அடங்கின. தூரிட் கோட்டை மாட்டிக்கொண்டே போன் போட்டார்.

“ரிஸ்தோ, எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வா. ஸ்வால்பார்டுக்கும் சொல்லிட்டேன்.”

“எதுக்கு? ரேடாரே ஓடலையே.”

“கண்ணு இருக்குல்ல?”

டிசம்பரில் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை; வெளியே நன்றாக இருட்டியிருந்தது. ஆறு நிமிடம் பிந்தி வந்தது. மலைக்கு மேல் பச்சையாக ஒரு வளைவு. பிறகு அது உடைந்து வானம் முழுக்க ஓடியது. “இங்கயும் ஓடுது!” என்றார் போனில் ரிஸ்தோ.

உள்ளே வந்து பதிவேட்டைத் திறந்தார். ‘15:28. ரேடார் இல்லை. மூன்று இடங்களில் ஒரே சமயம் கண்ணால் பார்த்தவர்கள் பதினொரு பேர்.’

“இதுக்கெல்லாம் கட்டம் இல்லையே,” என்றார் ஓட்வார்.

“ஓரத்துல எடம் இருக்கு.”

அந்தக் குறிப்பு இப்போதும் அங்கேதான் இருக்கிறது, சாய்ந்த கையெழுத்தில்.