உடைபட்ட வளையம்

அறுவடைக் காலத்தில் கிரான் ஊரில் இருக்கும் எங்கள் நெல் ஆலை நின்றுவிட்டது. அதன் சுழல்தண்டைத் தாங்கும், இரண்டாகப் பிரியும் டேப்பர் பேரிங்கில் உருளைகள் இருக்கும் உள்பாதி தேய்ந்திருந்தது. அதை மட்டும் மாற்ற நினைத்து, அளவு காட்டப் பழைய வெளிவளையத்தோடு ஓட்டமாவடி ஊரில் உள்ள பேரிங் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பருத்த மனிதர்; அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைப்போம். எந்த வளையத்தையும் சுண்டுவிரல் நகத்தால் உள்ளே தடவித்தான் பார்ப்பார்.

“நகம் தடக்குது, இதுவும் தேஞ்சிட்டு. புது உருளை இதில ஓடினா ஒரு கிழமையில போயிடும். ரெண்டையும் மாத்துங்க.”

“உள்பாதியை மட்டும் தாங்க, நானா. ஆக்கள் நெல்லோட காத்து நிக்கிறாங்க.”

அவர் சுத்தியலை எடுத்து ஒரே அடியில் என் வளையத்தை உடைத்தார்.

“என்ட சாமானை உடைக்க நீங்க ஆரு?” என்று கத்தினேன்.

“உடைக்காட்டி, அடுத்த கடையில வாங்கி இதுக்குள்ளயே போடுவீங்க.”

நான் நினைத்ததும் அதைத்தான். முழு பேரிங்கையும் வாங்கிப் பூட்டினோம், ஆலை ஓடியது. அவர் செய்தது நியாயமா என்று கேட்டால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் பேரிங் வாங்க வேறு கடைக்கு நான் போனதில்லை.