வடக்கே ஓடிய பெலிகுல் ஓயா

யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் மாணவர் பக்கத்துக்குப் புவியியல் எழுதினேன். நான் யாழ்ப்பாணத்தான். ஆறென்று சொல்லத்தக்க ஒன்று ஓடாத, கூரையில் ஏறினால்தான் உயரம் கிடைக்கிற நிலத்தில் பிறந்தவன். ஆகவே, ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் காடும் புல்வெளியுமாகக் கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளியை என்னிடம் ஒப்படைத்தது மிகவும் பொருத்தமே.

போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் கொழும்பில், நான் இருந்த வெள்ளவத்தையிலிருந்து அடுத்த பம்பலப்பிட்டிக்குப் போவதற்கே அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, தக்க காரணம் எல்லாம் வேண்டியிருந்தன. அதனால் நூலகப் புத்தகமொன்றை வாங்கிவந்தேன். அதன் வரைபடப் பக்கத்தை எனக்கு முன்பே யாரோ கிழித்திருந்தார்கள். விவரணையை வாசித்து, வாடகை அறையிலிருந்தே படம் கீறினேன்: சமவுயரக் கோடுகள், குட்டை மரக் காடு, தெற்கு விளிம்பில் 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பள்ளம், பெலிகுல் ஓயா முதலிய ஆறுகளுக்கு நீல அம்புகள்.

மறுநாள் காலை சுற்றிவளைப்பு. ஓர் இளம் இராணுவ அதிகாரி மேசையிலிருந்த படத்தைத் தூக்கினார். தமிழன் கையால் கீறிய படம் அந்நாட்களில் பாடத்துக்குரியதல்ல, தாக்குதலுக்குரியது. கீழே ட்ரக் நின்றது. அதில் ஏறியவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று போய்க் கேட்கவும் ஓர் அரசாங்கக் கந்தோர் இல்லை.

"முந்தியே சொன்னனான் தம்பி, உந்தக் கோடுகளைக் கிழிச்சு அடுப்பில போடுமெண்டு," என்றார் வீட்டுக்கார அன்ரி. "இப்ப உம்மோட சேத்து என்னையும் ஏத்தப் போறாங்கள்."

பத்திரிகைக்குக் கீறியது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"பெலிகுல் ஓயா எந்தப் பக்கம் ஓடுகிறது?"

"வடக்கே, சேர்."

யுத்தம் நடந்த அந்தத் திசையை அன்று தவிர்த்திருக்கலாம். சிப்பாய்கள் நிமிர்ந்தார்கள்.

அதிகாரி சிரித்தார். அவருடைய ஊர் ஒகியவாம், சமவெளிக்குச் சற்றுக் கீழே.

"தெற்கே, மாத்தயா. ஆற்றை மேட்டில் ஏறவிட்டிருக்கிறீர்கள்."

என் பென்சிலை எடுத்து அம்பைத் திருப்பிப் போட்டார். "இதை நம்பிப் போகிற பயங்கரவாதி தானாகவே பள்ளத்தில் விழுவான்," என்று சிப்பாய்களுக்கு விளக்கிவிட்டு, படத்தை மேசையில் வைத்துப் போனார். என் நிரபராதித்தனத்தை அடையாள அட்டை நிரூபிக்கவில்லை, அறியாமை நிரூபித்தது.

அன்ரி கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

"வாற கிழமை எதைப் பற்றி எழுதப் போறீர்?"

"திருகோணமலைக் கடற்படைத் துறைமுகம், அன்ரி."

"ஓம், வடிவா எழுதும். அறையைக் காலி பண்ணிப்போட்டு எழுதும்."