வியாழன் மேல் ஒரு கரும்புள்ளி

ஆம்பூரில் ஏற்றுமதிக்குப் போகும் தோலின் தழும்புகளை மறைத்து மெருகேற்றும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பின் தொலைநோக்கி வழியாக வியாழனை வீடியோ எடுத்தேன். அதில் தெளிவான அறுநூறு படங்களைப் பொறுக்கி, கணினியில் ஒன்றாக அடுக்கிக் கூர்மையாக்கினேன். ஒரு கரும்புள்ளி உறுத்தியது. தூசி என்று அழித்தேன். இடத்தை அடைக்கிறதென்று வீடியோவையும் அழித்துவிட்டு, என்னைப் போலவே வானம் பார்க்கும் நண்பர் ரஷீதுக்குப் படத்தை அனுப்பினேன். பதில் வந்ததா என்று ஏழு முறை பார்த்தபின் அவரே அழைத்தார்.

"இன்னாப்பா, நிழல் எங்க?"

"இன்னா நிழல்?"

"வியாழனோட நிலா ஒண்ணு குறுக்க போச்சே, அதோட நிழல். கறுப்பா இருக்குமே!"

"தூசின்னு எடுத்துட்டேன்."

"வியாழனையும் எக்ஸ்போர்ட் பண்ணப் போறியா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் படத்தில் புள்ளி தெரிந்தால் வலது கை அழிக்கத்தான் போகிறது. இடது கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.