புருல்கான் போட்ட கத்தரிக்காய்

எங்கள் கராபால்தா ஊரில் கத்தரிக்காயைப் பூண்டோடு எண்ணெயில் வதக்கி ஜாடியில் அடைப்பதில் புருல்கானை மிஞ்ச ஆள் கிடையாது. பள்ளிக்கூடச் சமையல்காரி. வினிகர் ருசியைக் கெடுத்துவிடும் என்று ஒரு சொட்டுகூட விடமாட்டாள்.

போன மார்ச்சில் அவளுடைய சம்பந்தி ஜோல்தோஷ் விருந்துக்கு வந்தார். திறந்து வைத்த ஜாடியை யாருக்கும் தராமல், ரொட்டியில் வழித்து வழித்து அவரே காலி செய்தார். மறுநாள் மதியம் ஊருக்குக் கிளம்பும்போது கண்ணைக் கசக்கினார்.

"சம்பந்தியம்மா, நீங்க ரெண்டு பேராத் தெரியுறீங்க."

"ஒரு மாமியாரையே தாங்க முடியலன்னு உங்க மகன் பொலம்புறான். ரெண்டுன்னா பாவம், என்ன செய்வான்?"

சிரித்தார்கள். ஆனால் அவர் குடித்த தேநீர் தொண்டையில் இறங்காமல் மூக்கில் வந்தது. இமைகள் சரிந்தன, பேச்சு குழறியது. புருல்கான் சிரிப்பை நிறுத்தினாள். அவர் மட்டும் சாப்பிட்டது அந்தக் கத்தரிக்காய்தான். காலி ஜாடியைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டி பிடித்து அவரை ஏற்றினாள்.

மருத்துவமனையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள்.

"ஆட்டுக்கறி மட்டும்தான்" என்று குழறினார் ஜோல்தோஷ். சம்பந்தி வீட்டுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதாம்.

புருல்கான் ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பொய் சொல்றாரு, டாக்டரம்மா. இது நான் வினிகர் விடாமப் போட்ட கத்தரிக்காய். முழுசும் தின்னாரு."

டாக்டர் மூடியைப் பார்த்தார். "கெட்டுப்போனது வாசனை, நிறம் எதுலயும் தெரியாது. காத்து புகாத ஜாடி, உள்ள புளிப்பும் இல்ல. இதுல ஒரு கிருமி வளர்ந்து விஷம் கக்கும். அது நரம்பையே கட்டிப்போட்டுரும். நல்ல வேளை, சொன்னீங்க."

அப்போதே முறிமருந்து ஏற்றினார்கள். நாலு நாள் மூச்சுக்கருவி, மூன்று வாரம் படுக்கை. புருல்கான் தினமும் போய் உட்கார்ந்தாள். அழுததை நான் பார்த்தேன், அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள்.

வீட்டில் மிச்சமிருந்த முப்பத்தோரு ஜாடியையும் கொதிக்க வைத்துக் குழி தோண்டிப் புதைத்தாள். பிறகு வீடு வீடாகப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "வினிகர் ஊத்துங்க. பழைய ஜாடியைத் திறந்தா பத்து நிமிஷம் கொதிக்க வைக்காம வாயில வைக்காதீங்க." சிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் கடையில் வினிகர் தீர்ந்துபோனது.

இலையுதிர்காலத்தில் ஜோல்தோஷ் மறுபடி வந்தார். புதுக் கத்தரிக்காயை வாயில் போட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன புளிப்பு, சம்பந்தியம்மா. இது சாப்பாடா, தண்டனையா?"

"உசுரோட இருந்து குறை சொல்லுங்க" என்று இன்னொரு கரண்டி வைத்தாள். அதையும் சாப்பிட்டார்.